செமிலிங்கில் ஒரு தாள் பால் குடித்தது

மலாய் நாட்டின் கெடா மாநிலத்தில் என்னைப் பார்த்து முதலில் சிரித்தவர் ஒரு மீன்காரர். சாலையோரத்தில் பெரிய குடை விரித்து, கானாங்கெளுத்தியை ஐஸில் அடுக்கி வைத்திருந்தார். நான் என் தெர்மாகோல் பெட்டியை அவர் முன்னால் இறக்கி ஐஸ் வேண்டும் என்று கையைக் காட்டினேன். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். உள்ளே பாதிச் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு குப்பி; குப்பியின் அடியில் இரண்டு சொட்டுத் தண்ணீர். மலாயில் ஏதோ சொன்னார். என்னை அழைத்துவந்த டிரைவர் முனியாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தமிழாக்கினார்:

"இந்த மீனு ரொம்பச் சின்னதா இருக்கே, வலையில எப்படி மாட்டுச்சுன்னு கேக்குறாருண்ணே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இரண்டு சொட்டுக்காகத்தான் ஐம்பது வயதில் முதல்முறையாகக் கடல் கடந்து வந்திருந்தேன். அதற்குச் சற்று முன், திகாம் பத்து என்ற ஊரைத் தாண்டும்போது, முன்னால் எண்ணெய் எடுக்கிற செம்பனைப் பழம் ஏற்றிப் போன லாரியிலிருந்து ஒரு குலை உருண்டு நடுரோட்டில் விழுந்தது. பலாப்பழம் அளவு, உடம்பெல்லாம் முள். முனியாண்டி ஒடித்துத் திருப்பியதில் காடி ஓரத்துக் குழியில் இறங்கி டயர் வெடித்தது. அங்கே காரைக் காடி என்றுதான் சொல்கிறார்கள். மாற்று டயரை எடுத்துப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றோம். நான் கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த ஐஸ் பைகள் கூழாகிவிட்டன.

மீன்காரர் சிரித்துக்கொண்டே இரண்டு கை நிறைய ஐஸ் அள்ளிப் போட்டார். ஐஸோடு கொஞ்சம் செதிலும் வந்தது. கிளம்பும்போது இன்னொரு தடவை ஏதோ சொன்னார். "பெருசா வளந்ததும் கொண்டாந்து காட்டச் சொல்றாரு" என்றார் முனியாண்டி.

நான் முயல் வளர்க்கிறவன். கறிக்காக இல்லை. கோயம்புத்தூரை ஒட்டி ஒரு சின்ன நிறுவனம், ஆராய்ச்சிக் கூடங்களுக்கு ஆன்டிபாடி தயாரிக்கிறது. பத்தாவதோடு நின்றவன் அங்கே கூண்டு கழுவச் சேர்ந்தேன். படித்தவர்கள் பேசும்போது பக்கத்தில் நின்று நின்றே பாதி வேலையைக் கற்றுக்கொண்டேன். மீதியைக் கேள்வி கேட்டே கற்றுக்கொண்டேன், எங்கள் முதலாளி என்னைக் கண்டாலே "கேளுங்க பழனி, என்ன கேள்வி?" என்பார்.

எண்ணெய்ச் சட்டியைத் திறந்து போட்டால் நாலு நாளில் சிக்கு வாடை வருகிறதல்லவா? கொழுப்பு காற்றோடு சேர்ந்து கெடுகிற வாடை அது. அப்படிக் கெடும்போது கொழுப்பிலிருந்து பொடிப் பொடியாகத் துணுக்குகள் பிய்ந்து வரும். பலாச்சுளை எடுத்த விரலில் பிசின் பிடிப்பது போல, அவை பக்கத்தில் இருக்கிற புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு அந்தப் புரதம் தன் வேலையை ஒழுங்காகச் செய்யாது. சட்டியில் நடப்பது நம் உடம்புக்குள்ளும் நடக்கிறது. அந்தப் பிசின் பிடித்த புரதத்தில் கொஞ்சத்தை முயலுக்கு ஊசியாகப் போட்டால், அதன் ரத்தம் அந்தப் பிசினை அடையாளம் தெரிந்துகொண்டு பிடிக்கிற ஆன்டிபாடியை உண்டாக்கும். அதைப் பிரித்தெடுத்துக் குப்பியில் அடைப்பதுதான் எங்கள் தொழில். எங்கே பிசின் இருக்கிறதோ அங்கே அந்த ஆன்டிபாடி போய் உட்காரும். சுத்தமான புரதத்தைத் திரும்பியும் பார்க்காது.

அப்படிப்பட்ட குப்பியை வாங்கிய ஒருவர் கெடாவில் இருக்கிற செமிலிங்கிலிருந்து எழுதியிருந்தார்: உங்கள் ஆன்டிபாடி எல்லாவற்றையும் கெட்டது என்கிறது, நல்லது கெட்டது தெரியாத ஆன்டிபாடி எனக்கு எதற்கு?

முதலாளி வீட்டில் கல்யாண வேலை. "முயலுக்கு அப்பன் நீங்கதானே, நீங்களே போய்ப் பாருங்க" என்று புதுக் குப்பியைக் கையில் கொடுத்து என்னை அனுப்பிவிட்டார்.

எழுதியவர் மேகலா. நாற்பதை நெருங்குகிறார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய, அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்த, அம்மாவின் மகள். தொழிற்சாலையில் ரப்பர் பாலைச் சோதிக்கிற வேலை பார்த்துக்கொண்டே படித்து, இப்போது ஒரு கல்லூரியின் சோதனைக் கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைக்கிறார். கூடத்து வாசலிலேயே நின்று கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. பசியாறியாச்சா?"

மாலை நாலு மணி. இருந்தாலும் அந்தக் கேள்வியில் நான் கரைந்தே போனேன். எங்கள் ஊரில் "டிபன் ஆச்சா" என்போம். இவர்கள் காலைச் சாப்பாட்டுக்கே பசியாறுதல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இப்படி ஒருவர் கேட்டால், சாப்பிட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

பெட்டியைத் திறந்தார். மூக்கைப் பிடித்தார்.

"அலாமா! என்னாண்ணே இது, முயலுன்னு சொன்னீங்க, மீன் வாடை அடிக்குது?"

நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். சிரித்து முடித்த பிறகு முகம் சட்டென்று சுருங்கிவிட்டது. குளிர்பெட்டியிலிருந்து ஒரு தட்டை எடுத்துக் காட்டினார். பென்சில் நுனி போலச் சின்னச் சின்னக் குழாய்கள்.

"ரெண்டு வருசம்ணே. புது எண்ணெய் போட்ட தீனி தின்ன எலி ஒரு பக்கம், திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெய் போட்டது ஒரு பக்கம். இது அதுங்களோட ஈரல் சாறு. நாலு மாசமா உங்க ஆன்டிபாடியப் போட்டுப் போட்டு எல்லாம் தீந்துபோச்சு. இன்னும் ரெண்டே ரெண்டு சோதனைத் தாளுக்குத்தான் வரும். வெள்ளிக்கிழமை ஆராய்ச்சிக் கமிட்டி. ஒரு நல்ல தாள் காட்டலேன்னா இந்த வேலைய மூடிருவாங்க. அப்புறம் நான் திரும்ப ரப்பர் பால் சோதிக்கப் போக வேண்டியதுதான் லா."

வாக்கியத்தின் வாலில் 'லா' போடுவது அந்த ஊர்ப் பேச்சு. அன்று திங்கள்கிழமை.

எனக்குக் குருண் என்ற பக்கத்து ஊரில் ஒரு சின்ன விடுதியில் அறை. காலையில் ஜன்னலைத் திறந்தால் ஜெராய் மலை நேராக வந்து நின்றது. எங்கள் ஊர் மலை எப்போதும் தூரத்தில் ஒரு நீலக் கோடு. இது தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. கீழே கடையில் ரொட்டி சானாய். பரோட்டாவின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் மெலிந்தவன், அதிகம் மொறுமொறுப்பானவன். பருப்புக் குழம்பில் முக்கித் தின்றுகொண்டே பக்கத்து மேசையைக் கவனித்தேன். சீருடை போட்ட இரண்டு தொழிற்சாலைப் பெண்கள். ஒருத்தி மற்றவளிடம், "நேத்து அவன் வந்தான்டி, மூஞ்சிய மட்டும் கொண்டாந்தான், வாய வீட்டுல வச்சிட்டு வந்துட்டான்" என்றாள். பெண் பார்க்க வந்தவனைப் பற்றி என்று புரிந்தது. பாவம், யாரோ கூச்சக்காரன். அந்த வாக்கியத்தைச் சிட்டையில் குறித்துக்கொண்டேன். எந்த ஊருக்குப் போனாலும் நான் வாங்கி வருகிற சாமான் இதுதான்.

செவ்வாய்க்கிழமை முதல் தாள். வேலை இப்படி: ஈரல் சாற்றில் இருக்கிற புரதங்களை மின்சாரத்தால் ஓடவிட்டு, பெரியது சிறியது என்று வரிசையாகப் பிரித்து, ஒரு வெள்ளைத் தாளில் ஏற்றுவார்கள். பிறகு தாளைப் பாலில் ஊற வைப்பார்கள். பால்மாவுதான், உப்புத் தண்ணீரில் கரைத்தது. தாளில் வெறுமையாக இருக்கிற இடத்தையெல்லாம் பால் போய் மூடிவிடும். இல்லையென்றால் ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டும். அதற்குப் பிறகு என் முயலின் சொத்து. கடைசியில் இருட்டுப் பெட்டிக்குள் தாளை வைத்துப் படம் எடுத்தால், ஆன்டிபாடி உட்கார்ந்த இடமெல்லாம் கறுப்புக் கோடாகத் தெரியும். மற்ற இடம் வெள்ளையாக இருக்க வேண்டும்.

மேகலா கைவேலை செய்வதைப் பார்த்தால் கோலம் போடுகிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஒரு சொட்டு சிந்தவில்லை. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. தாளை ஆன்டிபாடியில் போட்டு, குளிர்பெட்டியில் வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

புதன் காலை படம் எடுத்தார்.

திரை முழுவதும் கறுப்பு. கோடு கிடையாது, வரிசை கிடையாது. மை கொட்டிய மாதிரி ஒரே இருட்டு.

மேகலா நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். எனக்குள் மீன்காரரின் ஐஸ் உருகி ஓடிக்கொண்டிருந்தது. திகாம் பத்து வெயிலில்தான் குப்பி கெட்டது என்றே நினைத்தேன். நான்தான் கெடுத்தேன்.

"என் தப்புங்க. ரோட்டுல ஐஸ் உருகிப்போச்சுங்க" என்றேன்.

"போங்கண்ணே. பழைய குப்பியும் இப்படித்தான் கறுத்துச்சு. அதுவும் மீன் கடைக்குப் போச்சா என்ன?"

அழுகிற நேரத்தில் கூட வாய் சும்மா இருக்காத ஊர் இது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டு குப்பி, ஒரே கறுப்பு. அப்படியென்றால் கோளாறு குப்பியில் இல்லை. குப்பியைச் சுற்றி இருக்கிற எதிலோ இருக்கிறது.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. முயல் தீனி மூட்டை வந்தால் முதலில் மூக்கை வைப்பேன். பிண்ணாக்கு பழசா புதுசா என்று கண்ணுக்குத் தெரியாது; மூக்குக்குத் தெரியும். "எல்லாத்தையும் எடுத்து வைங்க, முகர்ந்து பார்க்கிறேன்" என்றேன். மேகலா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"கெமிக்கல மோந்து பாக்கக் கூடாதுண்ணே. செத்துருவீங்க."

"கெமிக்கல் வேண்டாங்க. மோந்து பார்க்கக் கூடியதை மட்டும் குடுங்க."

அப்படிப் பார்த்தால் அந்தக் கூடத்திலேயே முகரக்கூடிய பொருள் ஒன்றுதான். பால்மாவு. அலமாரிக்குள் ரப்பர் வளையம் போட்ட பிளாஸ்டிக் பை. மேலே மேகலாவின் கையெழுத்தில் 'கொழுப்பு நீக்கிய பால்' என்று எழுதி ஒட்டியிருந்தது. வளையத்தைக் கழற்றி மூக்கை வைத்தேன்.

மெல்லிய சிக்கு வாடை. பழைய முறுக்கு டப்பாவைத் திறந்தால் வருமே, அது.

ஒரு சிட்டிகை எடுத்து விரலுக்கு நடுவே தேய்த்தேன். விரல் மினுமினுத்தது.

"ஏனுங்க மேகலா, கொழுப்பே இல்லாத பாலு எப்படீங்க சிக்கு அடிக்கும்?"

மேகலா எழுந்து வந்தார். அவரும் முகர்ந்தார், அவரும் தேய்த்தார். பிறகு அவர் முகத்தில் நடந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதற்கே விமானம் ஏறி வந்திருக்கலாம்.

"அண்ணே, இது முழுக் கொழுப்புப் பாலு. இந்த வெக்கைல, திறந்த பையில, கொழுப்பு கெட்டுப்போயிருக்கு. கெட்டதெல்லாம் பால் புரதத்துல ஒட்டியிருக்கு. அந்தப் பாலத்தான் நான் தாள் முழுக்கப் பூசியிருக்கேன்! உங்க ஆன்டிபாடி கரெக்டாத்தான் லா சொல்லுது. எல்லா இடமும் கெட்டதுதான்!"

"இத்தனை நாளா சந்தேகமே வரலீங்களா?"

"மத்த ஆன்டிபாடிக்கெல்லாம் இதே பாலுதாண்ணே. ஒன்னும் ஆகல. அதுங்களுக்குப் பிசின் தெரியாதே, வேற எதையோ தேடுறதுங்க. உங்களுதுக்கு மட்டும்தான் மூக்கு." திடீரென்று நிறுத்தினார். "ஆனா நான் கொழுப்பு நீக்கினதுன்னு கேட்டுத்தானே வாங்குனேன்? ஒவ்வொரு தடவையும் சொல்லித்தானே வாங்குறேன்?"

பையை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனோம்.

செமிலிங்கில் லூர்து மேரி அக்காவின் மளிகைக் கடை. வாசலில் ரம்புத்தான் கொத்துகள் சிவப்பாகத் தொங்கின. உள்ளே கல்லாவுக்கு மேலே மாதா படம், அதன் கீழே அகர்பத்தி. பெரிய டின்னில் வரும் சாமான்களைக் கால் கிலோ, அரைக் கிலோ என்று பிளாஸ்டிக் பையில் கட்டி விற்பது இங்கே வழக்கம். அக்காவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். மேகலாவைப் பார்த்ததுமே கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னா புள்ளே, இன்னும் ஒல்லிக் குச்சியாவே இருக்கே? பாலு தீந்துபோச்சா?"

மேகலா பையைக் கல்லாவில் வைத்தார். "அக்கா, நான் கொழுப்பு எடுத்த பாலுதானே கேட்டேன்?"

"கேட்டே."

"இது அது இல்லியேக்கா."

அக்கா கொஞ்சம்கூட அசரவில்லை. நான் எதிர்பார்த்த தடுமாற்றம் எதுவும் இல்லை. பெருமையாகச் சிரித்தார்.

"கண்டுபிடிச்சிட்டியா? பின்னே என்னாடி, தண்ணி மாதிரிப் பாலக் குடிச்சா உடம்பு தேறுமா? உங்கம்மாவும் நானும் ஒரே தோட்டத்துல பால்மரம் வெட்டுனவங்க. அவ மக ராவும் பகலும் படிக்குது, சாப்புட நேரம் இல்லே, அதுவும் கொழுப்பு இல்லாத பாலு கேக்குதேன்னு எனக்கு மனசு கேக்கல. நாலு மாசமா உனக்கு நல்ல பாலத்தான் கட்டிக் குடுக்குறேன். சொன்னா வேணாம்பே, அதான் சொல்லல."

மேகலா என்னைப் பார்த்தார். நான் மாதா படத்தைப் பார்த்தேன்.

"அக்கா, நான் அதக் குடிக்கலக்கா" என்றார் மேகலா மெதுவாக.

"குடிக்கலியா? பின்னே வீட்டுல யாரு குடிக்கிறா?"

"யாரும் குடிக்கல. லேப்புல ஒரு தாளு இருக்கு. அதுக்கு ஊத்துறேன்."

அக்கா என் பக்கம் திரும்பினார். மேகலாவுக்குப் புத்தி சரியில்லையா என்று என்னிடம் கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"தாளுக்கா? நாலு மாசமா தாளுக்கா பாலு ஊத்துனே? நானு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன், நல்ல பாலு குடுத்தும் இந்தப் புள்ளைக்குச் சதை வைக்க மாட்டேங்குது, உள்ள ஏதோ வியாதின்னு! உனக்காக நவநாள் ஜெபம் வேற சொன்னேன்!"

அங்கே சாமான் வாங்க நின்றிருந்த ஒரு சீனப் பெரியவர், தமிழ் ஒன்றும் புரியாமலே, எங்கள் மூவரையும் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. மேகலா கல்லாவில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினார். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

விஷயத்தை அக்காவுக்கு மெல்ல விளக்கினோம். வெள்ளிக்கிழமை கமிட்டி என்றதும் அக்காவின் சிரிப்பு நின்றது. கை நெஞ்சுக்குப் போயிற்று.

"மாதாவே! என் பாலாலயா உன் படிப்பு நிக்குது? கெட்ட பாலையா நான் குடுத்தேன்?"

"அப்படி ஒன்னும் இல்லேங்க. கொஞ்சம் பழசு, அவ்வளவுதான். எங்க முயலு குடுத்த மருந்துக்குத்தான் மூக்கு ஜாஸ்திங்க" என்றேன் நான்.

"நீங்க என்னா ஊருண்ணே, ங்க ங்கன்னு இவ்ளோ மரியாதையாப் பேசுறீங்க?" என்று அந்தக் கவலையிலும் கேட்டுவிட்டு, அக்கா ஸ்டூலில் ஏறினார். மேல் தட்டில் யாரும் தொடாத மூலையிலிருந்து ஒரு டின்னை இறக்கி முந்தானையால் தூசி தட்டினார். கொழுப்பு நீக்கிய பால். பிரிக்காத மூடி. தேதியைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, அவரே ஒரு தடவை வாசித்து, மேகலாவை ஒரு தடவை, என்னை ஒரு தடவை வாசிக்க வைத்தார். "மூணு பேரும் பாத்தாச்சு. எடுத்துட்டுப் போ."

கூடத்துக்கு வந்ததும் மேகலா எலிச் சாற்றைத் தொடவில்லை. கடைசித் தாளை நம்பிக்கையில் மட்டும் போட முடியாது. ஒரு துண்டு வெறும் தாளை எடுத்தார். அதன் நடுவில் பழைய பையின் பாலை ஒரே ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டார். பிறகு தாள் முழுவதையும் புது டின் பாலில் ஊற வைத்து, ஆன்டிபாடியில் நனைத்தார். புது டின்னும் கெட்டிருந்தால் தாள் முழுக்கக் கறுக்கும். நல்லதாக இருந்தால் அந்தச் சொட்டு மட்டும் கறுக்கும்.

காத்திருக்கிற நேரத்தில் முனியாண்டி எங்களுக்குப் பீசாங் கோரெங் வாங்கி வந்தார். வாழைப்பழ பஜ்ஜிதான், ஆனால் எங்கள் ஊர் பஜ்ஜி போலப் போர்வை போர்த்திக்கொண்டு வராது. மொறுமொறுவென்று மெல்லிய சட்டை. வெளியே மரத்தடியில் நின்று தின்றோம். "எண்ணெய் எப்படி?" என்று மேகலாவிடம் கேட்டார் முனியாண்டி. மேகலா ஒரு துண்டை முகர்ந்து பார்த்து, "புதுசு. தைரியமாத் தின்னுங்க" என்றார். "இனிமே இவங்கள கூட்டிட்டுத்தான் லா பசாருக்குச் சாமான் வாங்கப் போவணும்" என்றார் முனியாண்டி.

மாலை ஐந்து மணிக்குப் படம் வந்தது. தாள் பளிச்சென்று வெள்ளை. நடுவில் ஒரே ஒரு கறுப்புப் பொட்டு, குழந்தைக்குக் கன்னத்தில் திருஷ்டிக்கு வைப்பார்களே, அதேபோல.

மேகலா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு மாசம்" என்றார்.

வியாழன் காலை எட்டு மணிக்குக் கடைசித் தாளைத் தொடங்கினார். நான் அன்று வாயே திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். குழாய்களில் மிச்சம் இருந்த சாறு அத்தனையும் அந்த ஒரு தாளுக்குப் போயிற்று. ஒரு குழாயைக் கவிழ்த்துத் தட்டி, அடியில் ஒட்டியிருந்ததையும் எடுத்தார். மதியம் இடி இடித்தது. விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டியது. மேகலா மின்பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, அதற்கு ஏதோ சமாதானம் சொல்வது போல நின்றார். விளக்கு அணையவில்லை. வெளியே மழை எங்கள் ஊரில் ஒரு மாதத்துக்குப் பெய்வதை ஒரு மணி நேரத்தில் கொட்டிவிட்டுப் போனது.

ஐந்தரைக்கு இருட்டுப் பெட்டியை மூடினார். திரை கொஞ்சம் கொஞ்சமாக விடிந்தது.

வெள்ளைத் தாள். அதில் கோடுகள். ஒரு பக்கம் மங்கலாக, இன்னொரு பக்கம் அழுத்தமாக, ஒவ்வொன்றும் தன் வரிசையில். அந்தக் கோடுகளுக்கு என்ன அர்த்தம், எவ்வளவு அர்த்தம் என்பதெல்லாம் மேகலா எழுத வேண்டியது. முயல்காரன் அதில் மூக்கை நுழைக்கக் கூடாது. நான் பார்த்தது இதுதான்: என் முயல்களுக்கு நல்லது கெட்டது தெரிகிறது.

மேகலா துள்ளவில்லை. படத்தைச் சேமித்தார். இரண்டாவது இடத்தில் சேமித்தார். தனக்குத் தானே மின்னஞ்சலில் அனுப்பினார். பிறகு என்னையும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு, "பசிக்குதுண்ணே" என்றார். நான்கு நாளில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன். மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ் விற்கும் கடையில் இரண்டு தட்டு காலி செய்தார். முனியாண்டி மூன்றாவது வேண்டுமா என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்தார்.

வெள்ளிக்கிழமை கமிட்டி அறைக்கு வெளியே எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. உள்ளே மூன்று பேராசிரியர்கள். கதவு வழியே ஆங்கிலமும் மலாயும் கலந்து கேட்டது, ஒன்றும் புரியவில்லை. ஒரு இடத்தில் மட்டும் உள்ளே எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். பால் கதை வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். சிரிப்புக்குப் பிறகு நெடுநேரம் கதவு திறக்கவில்லை. நாற்காலியை இரண்டு தடவை இடம் மாற்றிப் போட்டேன்.

மேகலா வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "வாங்கண்ணே" என்றார். காடியில் ஏறி உட்கார்ந்தோம். முனியாண்டி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் கையை விரித்தேன்.

"லூர்து அக்கா கடைக்கு விடுங்க" என்றார் மேகலா.

அக்கா கடை வாசலில், ரம்புத்தானுக்குக் கீழே, காலையிலிருந்து நின்றவர் போல நின்றிருந்தார். காடி நிற்பதற்குள் ஓடிவந்து கதவைத் திறந்தார்.

"என்னா ஆச்சுடி? சொல்லுடி!"

"தொடரச் சொல்லிட்டாங்கக்கா. புது எலி வாங்கவும் கையெழுத்துப் போட்டுட்டாங்க." முனியாண்டி ஹாரனை நீளமாக அடித்தார். எதிர்க் கடையிலிருந்து இரண்டு பேர் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்கள்.

அக்கா கட்டிப்பிடித்தார், விட்டார், தள்ளி நிறுத்தி மேலும் கீழும் பார்த்தார். பிறகு கடைக்குள் போனார். முழுக் கொழுப்புப் பால் டின் ஒன்று, பிரிக்காதது. எங்கள் கண் முன்னாலேயே மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாருங்கண்ணே. நீங்கதானே மூக்கு."

"அருமைங்க" என்றேன். நிஜமாகவே அருமை.

சுடுதண்ணீரில் நாலு கரண்டி போட்டு, சீனி தட்டி, இரண்டு குவளைகளில் மாற்றி மாற்றி ஆற்றினார். நுரை வழிய மேகலாவின் கையில் வைத்தார். மேகலா வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார், முனியாண்டியைப் பார்த்தார்.

"அங்க இங்க என்னா பார்வை? தாளு குடிச்சது போதும்" என்றார் அக்கா, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. "இப்ப நீ குடி. என் முன்னாடி குடி."

மேகலா கடை வாசலில் நின்றபடியே, ஒரு மூச்சில், அடி வரைக்கும் குடித்தார்.